பந்துகள் அப்படியே இருக்கட்டும்

அலுவலகக் கணக்கில்
எனக்கு இன்று நாலாம் நாள் டெங்கு.
மெய்க்கணக்கில்
புரசைவாக்கம், டயர் கடைக்கு மேல்மாடி,
ஏழாவது ஃப்ரேம்,
மூன்றுக்கு மூன்று.

அறுபத்து நாலு பேர் பெயர் கொடுத்தோம்.
பெயரோடு ஏழாயிரம் ரூபாயும் கொடுத்தோம்.
இடம் ஒன்று.
வென்றவன் இரண்டு வருஷத்துக்குத் தொழில்முறை ஆட்டக்காரன்,
வெளிநாடு, வெயிஸ்ட் கோட்,
முதல் சுற்றிலேயே தோற்கும் உரிமை.
மற்றவன் திங்கட்கிழமை
வந்த நேரத்துக்கு விரல் வைப்பான்.

ஐப்பசி மழை.
சேட்டு விடியற்காலையிலேயே
பச்சை விரிப்பை இஸ்திரி போட்டுவிட்டார்.
ஆனாலும் பந்துகள்
நனைந்த செருப்போடு நடப்பவை மாதிரியே ஓடின.

நான் ஐம்பத்திரண்டு.
டில்லிபாபு முப்பத்தொன்று.
மேசையில் ஒரு சிவப்பு, ஆறு நிறங்கள்.
அவன் குனிகிறான்,
கேன் தண்ணீர் சுமந்து இறங்கிப்போன வலது தோள்
இன்னும் கொஞ்சம் இறங்குகிறது,
கோலைப் பின்னால் இழுக்கிறான்,

கரண்ட் போனது.

'பந்துகள் அப்படியே இருக்கட்டும்!
யாரும் மேசைகிட்ட வரக்கூடாது!'
மார்க்கர் கன்னியப்பனின் வெள்ளைக் கையுறைகள் மட்டும்
இருட்டில் இரண்டு புறாக்கள்.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன பையன்
டவுட்டன் தண்ணீரில் நிற்கிறானாம்.

கீழே கம்ப்ரசர் நின்றதும்
ரப்பர் வாசனை மேலே ஏறி வந்தது.
நான் மனதுக்குள் மேசையைப் போட்டுப் பார்த்தேன்.
சிவப்பு, வலது குஷனிலிருந்து இரண்டு விரற்கடை.
கருப்பு, தன் இடத்தில்.
சிவப்பை அவன் எப்படித் தவறவிடுவான் என்று
ஏழு விதமாக ஆடிப் பார்த்தேன்.
ஏழிலும் போட்டுவிட்டான், பாவி.

'ப்ரோ' என்றது பக்கத்து நாற்காலி.
'அங்க குளிருமா?'
'எங்க?'
'ஜெயிச்சா போற ஊர்ல.'
'குளிரும்னுதான் சொல்றாங்க.'
சாக் உரசும் சத்தம்.
'உன்கிட்ட ஸ்வெட்டர் கீதா?'
'இருக்கு. ஊட்டிக்கு வாங்கினது.'
'தோத்தினா குடு.'

சட்டைப் பையில் போன் ஒளிர்ந்தது.
மேனேஜர் சண்முகவடிவு மேடம்:
'பிளேட்லெட் எவ்வளவு?'
மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் எங்களுடையது.
பொய் நோய்களைப் பிடிப்பதுதான் என் வேலை,
ஒன்பது வருஷமாக.
கூசாமல் இருக்க முடியவில்லை.
ஆனாலும் கைக்கு வந்த எண்ணைத் தட்டினேன்:
'ஐம்பத்திரண்டாயிரம், மேடம்.'
'ஐயோ. தண்ணீர் நிறையக் குடி.'

முப்பத்து நாலு நிமிஷம்.
பிறகு மேசைமேல் விளக்குகள்
ஒன்றையடுத்து ஒன்றாகக் கண் திறந்தன.
எல்லாம் நான் நினைத்த இடத்திலேயே.
கருப்பு மட்டும்
நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

டில்லிபாபு வேட்டியில் துடைப்பவன் போல
கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனான்.
'ஒன்று' என்றார் கன்னியப்பன்.
'எட்டு.'
மஞ்சள், 'பத்து.'
பச்சை, 'பதிமூன்று.'
பிரவுன் வாயோரம் யோசித்துவிட்டு விழுந்தது, 'பதினேழு.'
நீலத்துக்கு அவன் யோசிக்கவே இல்லை.
பிங்க் நீளமான கோணம், நான் போயிருக்க மாட்டேன்.
'இருபத்தெட்டு.'

பலகையில் ஐம்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு.
கருப்பு ஒன்று பாக்கி, அதன் விலை ஏழு.
அவன் போட்டால் முடிந்தது.
நான் போட்டால் சமம்,
கருப்பைத் திரும்ப வைத்து, காசு சுண்டி,
இன்னொரு முறை உயிர் வாங்கும்.

அடித்தான்.
பையின் இரண்டு தாடைகளிலும் மோதி
தடதடத்து
அங்கேயே நின்றது கருப்பு.
வெள்ளை மட்டும் ஓடி ஓடி
மேசையின் அந்தக் கோடியில், குஷனோடு ஒட்டி.

அவன் நாற்காலிக்குத் திரும்பும்போது
என்னைப் பார்க்கவில்லை.
நான் எழுந்தேன்.
போன் அதிர்ந்தது.
'இப்போ ஏறிச்சா?'

'இன்னும் இல்லை, மேடம்'
என்று அனுப்பிவிட்டு
அணைத்து வைத்தேன்.
சாக்கைத் தேடினேன். 
டில்லிபாபு தன்னுடையதை நீட்டினான்.