செவ்வாய்க்கிழமை

சமயநல்லூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
செவ்வாய்தோறும் எங்களுக்கு எடை பார்ப்பார்கள்.
குழுக்கடன் வசூலுக்கு ஆள் வருவதும் செவ்வாய்தான்.
முதலில் நான் அங்கே போனது
உன்னைக் காட்ட அல்ல,
அந்தப் பையனுக்கு முகம் காட்டாதிருக்க.

அவன் பைக்குக்குச் சைலன்சர் சரியில்லை.
ரயில்வே கேட் போட்டிருந்தால்
அந்தப் பக்கமே உறுமிக்கொண்டு நிற்கும்.
ரயில் கடக்கும்வரை எனக்கு நேரம்:
கொடியில் கிடக்கும் சேலையை உருவ,
அடுப்பை அணைக்க,
வீட்டில் யாருமில்லை என்பதுபோல் ஆக்க.

ஏழாம் மாதத்தில் ஒருநாள்
அந்தச் சத்தத்துக்கு
எனக்கு முன்னால் நீ துள்ளினாய்.
பயம் இன்னும் எனக்கே வந்து சேரவில்லை.

சுகாதார நிலையச் சுவரில் ஒரு படம்.
தலைகீழாய்ப் பிள்ளை,
அதன் தலைக்குள் மஞ்சள் விளக்குகள்.
தாயின் கவலை சேயின் மூளையைத் தொடும் என்று
கீழே எழுதியிருந்தது.
படித்ததிலிருந்து
கவலைப்படுவதற்காகவும் கவலைப்பட்டேன்.
'சந்தோசமா இருத்தா' என்கிறாள் மாமியார்.
'சந்தோசமா இரு' என்கிறார் உன் அப்பா
திருப்பூரிலிருந்து,
ராத்திரி ஷிப்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம்.
அதுவும் ஒரு தவணை.
வாரம் தவறாமல் கட்டவேண்டும்.

நர்ஸ் ஜெபராணி பத்துக் கேள்வி வைத்திருந்தாள்.
போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா?
எப்போதும்போல, கொஞ்சம் குறைவாக, இல்லவே இல்லை.
அதைக் கேட்டுத்தான் சிரித்தேன்.
எதில் டிக் அடிப்பதென்று தெரியாமல்
பேனாவை மூடினாள்.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

சொன்னேன்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது,
இன்னும் இருபத்தேழு வாரம்.
தூக்கம் போனது.
கேட்டருகே ஒருநாள் நின்றுகொண்டு
நினைத்தது.

'மூளை என்ன சிமெண்டா, ஊத்துனதும் இறுக?
பெறந்த பிறகும் கட்டிக்கிட்டேதான் இருக்கும்.
வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரி டாக்டர்.
நான் கூட வர்றேன்.'
கடனுக்கு அவளிடம் எதுவும் இல்லை.
இரும்புச்சத்து மாத்திரை
வழக்கம்போல் முப்பது.
என் கையைப் பிடித்தபடியே எண்ணினாள்,
இரண்டுதரம் தப்பியது.

இன்று காலை கேட் போட்டிருக்கிறது.
அந்தப் பக்கம் அதே உறுமல்.
கொடியில் சேலை கிடக்கட்டும்.
நீ உதைத்த இடத்தில் கை வைக்கிறேன்.
பயப்படாதே என்று சொல்ல எனக்கு வரவில்லை.
அது வண்டி, என்கிறேன்.
வெறும் வண்டி.
இப்போது அதிர்வது ரயில்,
திண்டுக்கல் போகிறது.
இந்தப் பக்கத்தில் கேட்பது என் நெஞ்சு.
அதற்கும்
சைலன்சர் சரியில்லை.