முப்பத்து மூன்றில் பதினேழு

முந்நூற்றுப் பத்துக் கேள்விகள்.
அதில் முப்பத்து மூன்றைக் கேட்பார்கள்.
பதினேழு சரியாக இருந்தால் போதும்.

தையல் மெஷினின் விளக்கடியில்
நூல்கண்டுகளை ஒதுக்கிப் புத்தகத்தைச் சாய்த்திருக்கிறேன்.
ஒரு பேன்ட்டின் விளிம்பு மடிப்பதற்குள்
இரண்டு கேள்வி மனப்பாடம்.
ஜிப் மாற்றுவதென்றால் ஐந்து.
கோட்டுக்கு உள்துணி போட்டுத் தைத்தால்
நாடாளுமன்றமே முடிந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்.
இத்தனை விடைகளை ஒரே நேரத்தில்
யாரும் என்னிடம் நீட்டியதில்லை.

பேன்ட்டை வாங்க வந்த ஊவெ ஸைட்லர்,
ட்ராம் ஓட்டுநர், இந்த ஊரிலேயே பிறந்தவர்,
மேசையில் முழங்கை ஊன்றி
"எங்கே, என்னைக் கேளுங்கள் பார்ப்போம்" என்றார்.
சான்ஸலரைத் தேர்ந்தெடுப்பது யார்?
"மக்கள்தான், வேறு யார்?"
நாடாளுமன்றம், என்றேன்.
மூன்றாவது தவறுவரை சிரித்தார்.
ஆறாவதற்குச் சிரிக்கவில்லை.
மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு
"நல்லவேளை, என்னை யாரும் கேட்கப்போவதில்லை" என்றார்.
கதவு மணி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
இந்நகரில் எப்போதிலிருந்து வசிக்கிறீர்கள்?
எண்பத்தேழு என்று எழுதினேன்.
அப்போது இந்த ஊருக்கு வேறு பெயர்,
ஒரு தாடிக்காரருடையது.
கெம்னிட்ஸ் என்று பழைய பெயருக்கே திரும்பிய பிறகும்
அவர் தலை மட்டும் நடுத்தெருவில் இருக்கிறது,
உடம்பில்லாமல், ஆளுயரத்தைவிடப் பெரிதாய்.
எனக்கும் அப்போது வேறு பெயர்.
ஙா நாக்கில் நிற்கவில்லையென்று
ஃபோர்மேன் வைத்த மோனிகா.
ஊரும் நானும் பெயரை மாற்றிக்கொண்டோம்.
ஊரை யாரும் பரீட்சை எழுதச் சொல்லவில்லை.

வரலாற்றுப் பகுதியில்தான் தடுமாறுகிறேன்,
தெரியாமல் அல்ல.

சுவர் விழுந்தது எந்த ஆண்டு?
ஆண்டென்ன, கிழமையே தெரியும். வியாழன்.
சாக்ஸ் ஆலையில் இரண்டாம் ஷிப்ட்,
பன்னிரண்டாம் எந்திரம் என்னுடையது.
மறுநாள் பாதி எந்திரங்களுக்கு ஆளில்லை.
வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்,
என்னையும் ஒருத்தி கட்டிப்பிடித்தாள்.
இரவு விடுதியில் அரிசி களைந்தபடி
நாங்கள் கேட்டுக்கொண்டோம்:
நம்மிடம் ஒப்பந்தம் போட்ட நாடு
இனி எங்கே இருக்கும்?

பிறகு மூவாயிரம் மார்க்கும் ஒரு விமானச் சீட்டும்.
துயெட் போனாள். ஹான் போனாள்,
சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு.
நான் நான்கு மாத வயிற்றைத்
தளர்ந்த ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.
அந்த விடுதியில் வெகுநாளாய் அதற்கு இரண்டே விடைகள்:
கலைத்துவிடு, இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பு.
அப்படிச் சொல்லிவந்தவர்கள்
எனக்கு முன்னால் காணாமல் போனார்கள்.

அந்த வயிற்றில் இருந்தவள்
பதினெட்டிலேயே பாஸ்போர்ட் வாங்கிவிட்டாள்.
"இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தாய்?" என்கிறாள் போனில்.
ஆலை மூடியபின் பூ விற்றேன்,
பூவுக்குப் பிறகு சட்டை, சட்டைக்குப் பிறகு இந்தக் கடை.
உட்கார்ந்து படிக்க நாற்காலி கிடைத்ததே
இப்போதுதான் என்று சொல்லவில்லை.
"மறந்துவிட்டேன்" என்றேன்.

சனிக்கிழமை. அறை எண் இருநூற்று நான்கு.
பக்கத்தில் சிரியாக்காரப் பையன் ஒருவன்
விரல்விட்டு மாநிலங்களை எண்ணி
பதினைந்தில் நின்றுவிட்டான்.
ஸார்லாந்தை விட்டுவிட்டாய் தம்பி.
பேசக் கூடாது.

இருபத்தெட்டாவதாகச் சுவர் வந்தது.
நான்கு ஆண்டுகள், ஒன்றன்கீழ் ஒன்று.
எண்பத்தொன்பதின் கட்டத்தில் ஒரு குறி,
பொத்தானுக்குப் போடும் குறுக்குத் தையல் அளவு.

முடித்தபோது இன்னும் முப்பத்தொரு நிமிடம் பாக்கி.
கண்காணிக்க வந்த அம்மாளின் கோட்டில்
இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது.
அவர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும்
அது ஒரு கணம் தாமதமாகத் திரும்பியது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.