போன நேரம், வந்த நேரம்

முன் இருக்கையில் கடிகாரம்.
அதற்கு பெல்ட் மாட்டிவிட்டாள் ஹில்க்கா.
சீசியம், முப்பது கிலோ, உள்ளே ஓயாமல்
ஒரு விசிறியின் முனகல்.
எஸ்போவிலிருந்து கயானிக்குப் பனிச்சாலையில்
எட்டு மணி நேரம்,
மடியில் முட்டைத்தட்டு வைத்திருப்பவளைப் போல
ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்து.

விரல் நொடிக்கும் ஓசைதான் நொடி.
அதை நூறு கோடியாக உடைத்ததில்
எழுபத்தைந்து துண்டு காணவில்லை.
கயானியின் கடிகாரம் அவ்வளவு பிந்துகிறது
என்கிறது செயற்கைக்கோள்.
இல்லவே இல்லை என்கிறது கடிகாரம்.
பிழை: சுழியம். விளக்கு: பச்சை.
எஸ்போவும் அதற்கு ஆமாம் போடுகிறது.

இரண்டும் பேசிக்கொள்வது இப்படி:
எஸ்போ ஒரு பொட்டலம் அனுப்பும்,
நான் கிளம்பிய நேரம் இது என்று.
அது வாசலைத் தொட்ட கணமே
முத்திரை குத்திவிடும் கயானி
(மென்பொருள் எழுந்து சோம்பல் முறிக்கும்வரை
காத்திருந்தால் கணக்கு கெட்டது).
பிறகு கயானியிலிருந்து ஒன்று திரும்பிப் போகும்.
போக வர மொத்தம் எவ்வளவு?
அதில் பாதி ஒரு வழிக்கு.

பத்து கிகாபிட் ஈத்தர்நெட் முழுக்க
இந்தப் பாதியின் மேல்தான் நிற்கிறது.
போன நேரமும் வந்த நேரமும் ஒன்றேதான் என்று
யாரும் அளந்ததில்லை.
அளக்க, அந்த முனையில் ஏற்கெனவே
சரியான கடிகாரம் ஒன்று வேண்டும்.
அது இருந்தால் இதெல்லாம் எதற்கு.

குவோபியோ தாண்டி ஒரு சாலையோரக் கடை.
வியாழக்கிழமை, ஆகவே பட்டாணி சூப்.
வண்டியிலிருந்து வயர் இழுத்து
ஒரு பிளக் கிடைக்குமா என்று கேட்டாள்.
உள்ளே என்ன என்றான் கடைக்காரன்.
நேரம் என்றாள்.
அவன் சுவரைப் பார்த்தான்.
"எங்களுடையது நாலு நிமிடம் முந்தும்.
வேண்டுமென்றேதான்.
இல்லாவிட்டால் எல்லோரும் பஸ்ஸை விட்டுவிடுவார்கள்."

கயானியில், நள்ளிரவுக்குச் சற்று முன்,
இரண்டு கேபிள், ஒரு திரை.
சீசியம் செயற்கைக்கோள் பக்கம் நின்றது.
எழுபத்தைந்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பச்சை விளக்கு அப்போதும்
பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.
அதன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.
கொடுத்த எண்களைக் கூட்டி வகுத்ததைத் தவிர
அது எந்தத் தப்பும் செய்யவில்லை.

இலையுதிர்காலத்தில் ஈசல்மி பக்கம்
மண்வெட்டும் இயந்திரம் கேபிளை அறுத்தது.
ஒட்டியவன் ஒஸ்மோ கெட்டுனென்.
தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாள்.
நெடுநேரம் யோசித்தான்.
"ரெண்டு இழை. வடக்கே போற இழைக்குப் புதுசு போட்டப்ப
கொஞ்சம் நீளமா வந்துச்சு.
வெட்டி எறிய மனசு வரல.
சுருட்டிப் பெட்டிக்குள்ள வெச்சேன்."
எவ்வளவு?
"முப்பது மீட்டர் இருக்கும்."

கண்ணாடிக்குள் ஒளி
ஒரு நானோநொடிக்கு ஒரு சாண் நடக்கும்.
முப்பது மீட்டர், நூற்றைம்பது சாண்.
அதைப் போக்கில் பாதி, வரத்தில் பாதி என்று
நியாயமாகப் பங்கு பிரித்திருக்கிறது கடிகாரம்.

"காலையில போய் வெட்டிடவா?"
மைனஸ் இருபத்தாறு. உறைந்த மண்ணுக்கடியில் பெட்டி.
வேண்டாம், தூங்கு என்றாள்.
திருத்த வேண்டிய கட்டத்தில் எண்ணை இட்டு
பக்கத்தில் குறிப்பெழுதினாள்:
ஒஸ்மோவின் சுருள். தெரிந்தேதான் விட்டிருக்கிறது. தொடாதீர்கள்.
கயானி மெல்ல, யாருக்கும் தெரியாமல்,
நகர்ந்து உட்கார்ந்தது.

திரும்பும்போது பனியை வாரித் தள்ளியிருந்தார்கள்.
ஆறரை மணி நேரத்தில் வீடு.
போனது எட்டு, வந்தது ஆறரை.
கூட்டிப் பாதியாக்கினால்
வழியில் ஏதோ ஓர் ஊர்
தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கும்.

அந்தக் கடை வாசலில்
ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்,
கழுத்துத் துணிக்குள் முகம் புதைத்து.
பஸ் இன்னும் வரவில்லை.