பல்லுக்கொதி அம்மா

அளம்பில் கோயிலில், வடக்கு மூலையில்,
குறடு பிடித்த சுருவம்.
அலெக்சாந்திரியாவின் அப்பலோனியம்மாள்.
எங்களுக்கு வெறும் பல்லுக்கொதி அம்மா.

தெருவில் மறித்து, பல் முழுக்க உடைத்து,
விறகு மூட்டி, மறுதலி என்றார்களாம்.
கொஞ்சம் கையை விடுங்கோ என்றாவாம்.
விட்டார்கள்.
தானாகவே நெருப்புக்குள் பாய்ந்தா.

மாசி ஒன்பதில் கராம்பு மாலை போடுவம்.
செல் விழுந்த வருசம் குறடு போயிற்று;
விரல்கள் இன்னும் எதையோ இறுக்கியபடி.

எமில்டாவுக்குப் பல்லுக்கொதியே இல்லை.
நண்டுக்கோது கடிப்பா.
ஆனாலும் செவ்வாய்தோறும் வருவா.

கிணறு கிண்டின இடத்தில் எலும்பு கண்டபிறகு
படிவம் கொடுத்தார்கள்:
காணாமற்போனவரின் பல் அடையாளம்?
மேல்வரிசை, இடப்பக்கம், சிங்கப்பல்,
சிரிச்சால் தெரியும் என்று எழுதினா.
பிறகு ‘சிரிச்சால்’ என்பதை மட்டும் கீறி வெட்டினா.

நேற்று, செபமாலை முடிந்து சனம் போனபிறகு,
முந்தானை முடிச்சை அவிழ்த்தா.
கூரையில் எறியாமல்
பங்கருக்குப் பங்கர் காவித் திரிந்த
றெக்ஸனின் பால்பல்.
வெறும் விரலுக்கிடையில் செருகினா.

“இதை வைச்சிருங்கோ.
மற்றதுகள் உங்கட கையில் வந்தால்
எனக்குச் சொல்லாதேங்கோ.”

நான் மெழுகு சுரண்டிக்கொண்டு நின்றன்.
கராம்பு மணம்.
சுருவத்தின் வாயை
செதுக்கினவன் மூடித்தான் வைத்திருக்கிறான்.