வருகைப் பதிவு

புடாபெஸ்ட்டில் எங்கள் வீட்டு அழைப்புமணிக்குக் கீழே
கோவாச் என்று எழுதியிருக்கும்.
கொல்லன் என்று அர்த்தம்.
எங்கள் வம்சத்தில் யாரும் இரும்பைத் தொட்டதில்லை.
போர் முடிந்த மறு வருஷம்
அப்பாவின் அப்பா வரிசையில் நின்று வாங்கி வந்த பெயர் அது.
அதற்கு முன்னால் இருந்த பெயரைச் சொல்ல வேண்டுமென்றால்
அப்பா இன்றைக்கும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்,
நாலாம் மாடியில்,
கோடையிலும்.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில்
நான் பெட்டியோடு இறங்கிய காலையில்
ஒருவர் படியில் தொங்கியபடி கத்திக்கொண்டிருந்தார்:
நாசரேத், நாசரேத், நாசரேத்!
ஏறுங்க, ஒக்கார எடம் இருக்கு.

பாளையங்கோட்டை வரைக்கும் ஆட்டோவில்
எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போனேன்.
சாலமோன் பஞ்சர் கடை.
யாக்கோபு அண்ட் சன்ஸ், சிமெண்ட், கம்பி.
ஒரு சுவரை முழுக்க மறைத்த பேனரில்
எஸ்தருக்கும் தானியேலுக்கும் கல்யாணம்,
கறுப்புக் கண்ணாடி போட்ட முப்பது நண்பர்கள் வாழ்த்த.
இந்தப் பெயர்களை இப்படி அடுத்தடுத்து
இதற்கு முன் நான் வாசித்தது
ஒரே ஒரு இடத்தில்.
அங்கே பெயருக்குப் பக்கத்தில் இரண்டு வருஷங்களும்
மேலே கூழாங்கற்களும் இருக்கும்.

கல்லூரி அலுவலகத்தில் படிவம்.
மதம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
எசேக்கியேல் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"என்னத்த யோசிக்க? சும்மா எழுதும்மா."
எழுதினேன்.
வாசித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.
"ஏ ராகேலம்மா, இங்க வாங்க.
இந்தப் பிள்ள பைபிள்ல உள்ள ஆளு."
ராகேலம்மாள் வந்தார். என் கையைத் தொட்டுப் பார்த்தார்.
பயப்பட ஒன்றுமில்லை அந்தத் தொடுகையில்.
ஆனாலும் சொல்லத் தோன்றியது:
எனக்கு இருபத்திரண்டு வயதுதான்.
நான் எந்தக் கடலையும் நடந்து கடக்கவில்லை,
தோஹாவில் விமானம் மாறி வந்தேன்.

அறை, சமாதானபுரத்தில், மாடியில்.
அகராதியில் பார்த்தேன்.
எங்கள் ஜனம் ஒருவரையொருவர் பார்த்ததும் சொல்லும் சொல்.
எங்கள் வீட்டில், போனில்கூட, யாரும் சொல்வதில்லை.
இங்கே நான் அதைத் தினமும்
நடுரோட்டில் கை நீட்டிச் சொல்கிறேன்.
"எம்பது ரூவா ஆகும்" என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் கேட்டேன்,
மெழுகுவத்தி ரெண்டு.
"கல்லறைக்கா, கரண்டு போனா வைக்கதுக்கா?"
இரண்டுக்கும் இல்லை என்று
சரியான வேற்றுமை உருபோடு நான் சொல்லி முடிக்குமுன்
கரண்டு போய்விட்டது.

தெருவில் வீட்டுக்கு ஒரு சுடர்.
என் வீட்டில் இரண்டு.
ஒரே புழுக்கம், ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
கண்ணை மூடி, அரைகுறையாகத் தெரிந்த பிரார்த்தனையை
சத்தமாகவே சொன்னேன்.
பாதியில் கொசு வந்தது. அடித்தேன்.
அன்றைக்கு உயிர் எதையும் கொல்லக்கூடாது என்று
பிறகுதான் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை, முதல் வகுப்பு.
மோசே தங்கம். உள்ளேன் ஐயா.
ரெபேக்காள். உள்ளேன் ஐயா.
யோவேல் வரவில்லை, அவன் மச்சானுக்கு நிச்சயதார்த்தம்.
அத்தனை பேரிலும் எங்கள் ஆகமத்தில் இல்லாத பெயர்
என்னுடையதும் கடைசி பெஞ்சு முப்பிடாதியுடையதும்தான்.

"ஆக்னெஸ். இனிஷியல் என்னம்மா?"
கே.
"கேன்னா?"

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.
வெளியே யாரோ மைக் டெஸ்ட் செய்துகொண்டிருந்தார்கள்,
ஒன், டூ, ஒன், டூ.
கோவாச் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கோன்" என்றேன்.

பேராசிரியர் எழுதிக்கொண்டார்.
முப்பிடாதி பெஞ்சில் பாதி எழுந்து நின்றான்.
"கோனாரா? ஏ, நம்மாளுல்லா!"
வகுப்பு முழுக்கச் சிரித்தது.
நான் கொஞ்சம் பிந்தி,
பேராசிரியர் அடுத்த பெயருக்குப் போன பிறகு,
உள்ளேன் ஐயா என்றேன்.