நாற்பது மீட்டர்

வண்டிகளை அடியிலிருந்து அறிந்தவன் நான்.
ஷார்ஜா சனாயியாவில், பரிசோதனைக் கூடத்தின்
மூன்றாம் பாதைக் குழிக்குள் நின்று
நாளொன்றுக்கு அறுபது வயிறு பார்க்கிறேன்.
இப்போது வருபவற்றின் அடியில் சொல்ல ஒன்றுமில்லை.
கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, கிளிப், கிளிப், கிளிப்.
எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும்,
ஷேரிங் ரூமில் கால்நீட்ட இடமில்லாதவன் மாதிரி.
முன்சக்கரமே இழுக்கும், முன்சக்கரமே திரும்பும்,
பின்சக்கரம் இரண்டும் விருந்தாளி.

ஆகஸ்டில் ஒருமுறை
தலைக்கு மேல் ஒரு தண்டு வந்து நிற்கும்.
முன்னிருந்து பின்வரை புரப்பெல்லர் ஷாஃப்ட்,
நடுவில் தாங்கும் பேரிங், கடைசியில்
பூசணிக்காயாய் டிஃபரன்ஷியல்.
விளக்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.
கிரெஸ்ஸிடா. தொண்ணூற்றொன்று மாடல்.
கையால் மாற்றும் கியர்.
வரிசையாய் ஆறு சிலிண்டர்.

மரிதெஸ் அபுண்டோ, உரிமையாளர்.
நைட் டியூட்டி முடித்து
நர்ஸ் உடையோடு ஏழு மணிக்கு வருவாள்.
டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்
இரண்டு பெல்ட், ஒரு வாட்டர் பம்ப், ஒரு கேஸ்கட்
எப்போதும் தயார், பிரசவப் பை போல.

முதல் வருடம் பானட்டைத் திறக்கச் சொன்னேன்.
ஓடுகிற எஞ்சின் மேல்
ஒரு திர்ஹம் காசை விளிம்பில் நிறுத்தினாள்.
நின்றது.
காசில் இருக்கும் கெண்டியிலிருந்து
ஒரு சொட்டு காவா சிந்தவில்லை.
"உனோ, சிங்கோ, த்ரேஸ்" என்றாள்.
தீப்பொறி பாயும் வரிசை, அவள் மொழியில்.
"ஆறு, ரெண்டு, நாலு" என்றேன் என் மொழியில்.
அறிமுகம் முடிந்தது.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது?
எங்கள் அறையில் ஆறு பேர், ஒரு குளியலறை.
யார் தோளும் யார்மேலும் இடிக்காத காலை
வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வாய்க்கும்.
அப்படி ஒரு காலை,
நிமிடத்துக்கு எழுநூறு தடவை.

எனக்கு வண்டி இல்லை.
கம்பெனி பஸ். ஜன்னல் திறக்காது.
ஆனால் குழியிலிருந்து பிரேக் உருளை வரை
பரிசோதகன்தான் ஓட்ட வேண்டும், விதி அது.
நாற்பது மீட்டர்.
நாலு வருடத்தில் நூற்றறுபது.
கிளட்சை விட்டதும் முதுகில் ஒரு கை.
முன்னாலிருந்து இழுக்கப்படுவது ஒரு விதம்,
பின்னாலிருந்து அனுப்பிவைக்கப்படுவது வேறு.

இந்த ஆகஸ்டில், பின்சீலில்
ஒரு சொட்டு. தொங்கியது, விழவில்லை.
பழைய ஆறு சிலிண்டர் ஒழுகவில்லையென்றால்
உள்ளே ஆயில் இல்லையென்று அர்த்தம்,
எல்லா மெக்கானிக்கும் சொல்கிற ஜோக்.
துடைத்துவிட்டு பாஸ் போட்டிருக்கலாம்.
போன மாதம் ஒரு பஜேரோவுக்கு அதைத்தான் செய்தேன்.
ஃபெயில் என்று எழுதினேன்.
காரணக் கட்டத்தில்: எண்ணெய்க் கசிவு.
உண்மைதான்.
மறுபரிசோதனை என்றால் இன்னொரு நாற்பது,
அதுவும் உண்மை. அதற்குக் கட்டம் இல்லை.

மரிதெஸ் தாளைப் படித்தாள். பிறகு என்னைப் படித்தாள்.
"ஓகே சார்" என்றாள்.
நாலு வருடத்தில் என்னை சார் என்றதில்லை.

பதினோராம் நாள் வந்தாள்.
கியர்பாக்ஸை இறக்கி, புது சீல் போட்டு,
முந்நூற்றைம்பது திர்ஹம், பில் இதோ.
அடியில் சொட்டில்லை. துடைத்த தடம்கூட இல்லை.
சாவியைக் கையில் தராமல் பானட் மேல் வைத்தாள்.

ஏறினேன். சீட் அவள் உயரத்துக்கு இருந்தது,
முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
நகர்த்தவில்லை.
கிளட்ச். முதுகில் அந்தக் கை.
ஊசி இரண்டாயிரத்தைத் தொட
ஆறு குரலும் ஒன்றாகத் தொடங்கும்போது
உருளை வந்துவிட்டது.

முதல் கியருக்குள்ளேயே தீர்ந்துவிடுகிற தூரம்.
இரண்டாவது எப்படி இருக்குமென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.