ஆல்பேட்டை செக்போஸ்ட்

வௌச்சரில் என் பெயர்
"கிட்டார் - 1".
கையெழுத்துப் போடுகிற கோட்டின் மேல் மட்டும்
பெர்னார் இருதயராஜ்,
அதுவும் கிறுக்கலாக.

முத்தியால்பேட்டை அரிசி மண்டிக்கு மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய சுவர்களுக்குள்
முதல் வேலை பனியன் விளம்பரம்.
டிஸ்டார்ஷனைக் குறைக்கச் சொன்னார்கள்.
பனியன் கிழிகிற மாதிரி கேட்கிறதாம்.

அப்புறம் தேர்தல்.
காலையில் ஒரு கட்சி,
சாப்பாட்டுக்குப் பின் எதிர்க்கட்சி,
இரண்டுக்கும் ஈ மைனர்தான்.
தோற்றவர்தான் முழுப் பணம் கொடுத்தார்.

அங்காளம்மன் கேசட்டுக்கு வா-வா பெடல்.
எத்தனை பார் வாசிக்கணும் என்றேன்.
"அவ எறங்குற வரைக்கும்" என்றான்
பூசாரியின் மருமகன்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹெட்போனோடு.

ஜூலை பதினாலு ராத்திரி
பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்கு வால்ட்ஸ்.
ஆடும்போது மெடல்கள் தாளம் தப்பின,
நான் தப்பவில்லை.

தானே அடித்த வருஷம்
முதுநகரில் பதினெட்டு நாள் கரண்ட் இல்லை.
ஆம்ப்ளிஃபயர் மேல் மெழுகுவத்தி ஏற்றிவைத்து
பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.
உருகிய மெழுகு இன்னும்
வால்யூம் குமிழைச் சுற்றி இருக்கிறது.
மூன்றுக்கு மேல் திருகினால் மக்கர் பண்ணும்.

ஒரே ஒரு படம்.
அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை,
பாட்டு மட்டும் எப்படியோ தப்பித்தது.
நடுவில் பன்னிரண்டு விநாடி என் சோலோ.
மீன் மார்க்கெட்டில் யாருடைய போன் அடித்தாலும்
அந்தப் பன்னிரண்டு விநாடிதான்.
எடுங்கம்மா போனை, என்பேன்.

இன்றைக்கு மண்டி மாடியில் புதுப் பையன்
அதையே போட்டுக் காட்டினான்.
"இந்த ஃபீல்தான் சார் வேணும்."

கேட்டேன்.
மூன்றாவது வளைவில் சுருதி
ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.
அன்று காலை கெளுத்தி ஆய்ந்தபோது
மோதிர விரலில் முள்.

வாசித்தேன்.
சுத்தமாக வந்தது.
"நல்லாருக்கு சார். ஆனா அந்தாளு மாதிரி வரல."
ஏழாவது டேக்குக்குப் பிறகு
யார் அந்தாளு என்று கேட்டேன்.
யாரோ பம்பாய்க்காரராம்.

கடைசியில் பழைய பன்னிரண்டு விநாடியையே
வெட்டி ஒட்டிக்கொண்டான்.
ஏழு டேக்குக்கும் வௌச்சர் வந்தது.
வாங்கிக்கொண்டேன்.
ஒரு செட் கம்பி என்ன விலை விற்கிறது தெரியுமா?

கடைசி பஸ்.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும்
டார்ச் ஏறியது.
"பொட்டிய தொற."
புதுச்சேரியிலிருந்து இவ்வளவு நீளப் பெட்டியில்
வேறென்ன வரும்?

துணிக்கு அடியில் சின்ன பாட்டில் ஒன்று.
திறந்து முகர்ந்தார்.
மரத்துக்குப் போடுகிற எலுமிச்சை எண்ணெய் என்றேன்.
இன்னொரு தரம் முகர்ந்தார்.
பிறகு நான்காம் கம்பியை ஒரு விரலால் தட்டினார்.
தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று
திரும்பிப் படுத்தது.

முழுப்பெயர் கேட்டார்.
நோட்டில் எழுத்தெழுத்தாக எழுதினார்.
பெர்னா என்றிருந்தது.
'ர்' போடுங்க என்றேன், போட்டார்.

டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.
எஃப் ஷார்ப்.